கணினியின் கைக்கு எட்டாத ஒரு பிரதி

காணி உறுதியொன்றை நிறைவேற்றும் நொத்தாரிசு அதனை ஒரேயொரு பிரதியோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒரு பிரதி உரிமையாளரின் கைக்குச் செல்கிறது. இன்னொன்று நொத்தாரிசின் கோவையில் தங்குகிறது. மூன்றாவது பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பி வைக்கப்படுகிறது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் வகுத்த இந்த ஏற்பாட்டின் அருமையைத் திருகோணமலை மாவட்ட மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் புகுந்தபோது வீட்டோடு உறுதியும் போயிற்று. 2006இல் சம்பூரிலிருந்து தமிழ் மக்களும் மூதூரிலிருந்து முஸ்லிம் மக்களும் உடுத்த உடையோடு வெளியேறிய வேளையில், பெட்டிக்குள் இருந்த பத்திரங்களை எடுப்பதற்குப் பலருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. மீண்டு வந்தவர்களுட் சிலரேனும் தமது உரிமையை நிலைநாட்ட முடிந்ததென்றால், வேறோர் இடத்தில், வேறொருவரின் பொறுப்பில், இன்னொரு பிரதி இருந்தமையே அதற்குக் காரணமாகும். வீட்டிலிருந்த அனுமதிப்பத்திரமும் அலுவலகத்திலிருந்த பேரேடும் ஒருசேர அழிந்த இடங்களிலோ மக்களின் அலைச்சல் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இன்று அந்தப் பேரேடுகள் கடதாசியிலிருந்து கணினிக்கு இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் முதல் தேசிய அடையாள அட்டை வரை எல்லாம் மின் பதிவாகின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும், நொத்தாரிசின் காலத்தில் சட்டம் கேட்ட கேள்வியை இன்றும் கேட்டாக வேண்டியுள்ளது. பிரதிகள் எத்தனை? அவை எங்கே இருக்கின்றன? மூலத்தை அழிக்கும் கை பிரதியையும் எட்டுமா?

மூன்றாவது கேள்விக்கு நமது நாடு கசப்பான விடையொன்றை 2023இல் பெற்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் மேகக் கணிமைக் கட்டமைப்பு, தரவுகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அரசாங்க மின்னஞ்சலைப் பயன்படுத்தும் ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். கட்டமைப்பு சில மணித்தியாலங்களுள் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆயினும், மே 17ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. மூலத்தோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் அதே தாக்குதலிற் பூட்டப்பட்டிருந்தது. அந்தக் காலப் பகுதிக்குரிய, இணைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட பிரதி எதுவும் இருக்கவில்லை. மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட அரச அலுவல்களின் எழுத்துச் சான்று இவ்வாறு மறைந்தது.

இத்தகைய இழப்பைத் தடுக்கும் கருவி புதியதன்று. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி உலகில் இருந்துவரும் காந்த நாடாவே அது. பாட்டுக் கேட்ட ஒலிநாடா வழக்கொழிந்ததைப் போன்று இதுவும் ஒழிந்திருக்கும் எனப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் உலகின் பெரிய தரவு நிலையங்கள் பலவும் இன்றளவும் நாடாவை நம்பியிருக்கின்றன. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், கணினி எவ்வாறு நாடாவில் எழுதுகிறது, எவ்வாறு அதிலிருந்து வாசிக்கிறது என்பதை முதலில் அறிதல் அவசியம்.

வீதியும் வள்ளமும்

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் இடையில் நின்று எல்லாவற்றையும் நிருவகிப்பது பணிசெயல் முறைமையாகும். விண்டோஸ், லினக்ஸ் ஆகியன இந்த வகையைச் சேர்ந்தவை. எந்தச் செயலியும் தட்டையோ நாடாவையோ நேரடியாகத் தொடுவதில்லை. பணிசெயல் முறைமையிடமே விண்ணப்பிக்கிறது. அது தன்னிடமுள்ள சாதன இயக்கி என்னும் சிறு நிரலின் மூலம் இயந்திரத்துக்குக் கட்டளை இடுகிறது.

வன்தட்டுக்கும் நாடாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் திருகோணமலைவாசிகள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. இயந்திர வள்ளம் கொட்டியாரக் குடாவை நேரே கடந்து இறங்குதுறையை அடையும். தரைவழியே செல்பவரோ, பாலங்கள் அமைவதற்கு முந்திய காலத்தில், கிண்ணியாவிலும் உப்பாறிலும் கங்கையிலும் இறால்குழியிலும் ஒவ்வொரு துறையாகக் காத்திருந்து கடந்தே போக வேண்டியிருந்தது. மூன்றாவது துறையை அடைய வேண்டுமானால் முதலிரண்டையும் கடந்தேயாக வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இலேயே திறக்கப்பட்டது என்பதால் இந்த அனுபவம் நடுவயதினர் எவருக்கும் மறந்திராது. வன்தட்டு வள்ளத்தைப் போன்றது. அதன் எந்தப் பகுதிக்கும் நேரே செல்லலாம். நாடா அந்தப் பழைய வீதியைப் போன்றது. வேண்டிய இடத்தை அடைய இடைப்பட்ட நாடா முழுவதையும் சுற்றிக் கடக்க வேண்டும்.

வீதி சிறியதுமன்று. எல்.ரி.ஓ. எனப்படும் இன்றைய தர நாடாவின் ஒன்பதாம் தலைமுறை 2021இல் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் அதன் பேழைக்குள் 1,035 மீற்றர் நீளமான நாடா சுற்றப்பட்டிருக்கிறது. அகலம் அரை அங்குலம். அதில் 18 டெராபைற் தரவை எழுதலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1952இல் வெளியிட்ட முதலாவது நாடா இயந்திரத்தின் பெரிய சுருளொன்று ஏறத்தாழ 2 மெகாபைற் அளவே கொண்டது என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதிய நாடாவில் எழுதும் முனை ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தத்துக்கும், பின்னர் அங்கிருந்து திரும்பியுமாக 280 தடவை ஓடி முடித்தாலே பேழை நிறையும். மொத்த ஓட்டம் சுமார் 280 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கான வீதித் தூரத்தை விட இது அதிகம். செக்கனுக்கு 400 மெகாபைற் என்னும் முழு வேகத்தில் எழுதினாலும் பன்னிரண்டரை மணித்தியாலம் வேண்டும்.

எழுதும் முறை

யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகள் நாடா இயந்திரத்தையும் ஒரு கோப்பைப் போலவே நடத்துகின்றன. திறத்தல், எழுதுதல், வாசித்தல், மூடுதல் என்ற நான்கு செயல்களே போதுமானவை. ஒரு செயலி திறந்து வைத்திருக்கும் நாடாவை வேறொரு செயலி திறக்க முயன்றால் முறைமை அதனை மறுத்துவிடும். ஒரே வீதியில் இருவர் எதிரெதிர்த் திசையில் வண்டி செலுத்த முடியாதல்லவா?

செயலி ஒரு தடவை எழுதுமாறு கேட்கும் தரவு நாடாவில் ஒரு தொகுதியாகப் பதிகிறது. தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி முடித்துச் செயலி நாடாவை மூடும்போது, முறைமை அங்கே ஓர் அடையாளக் குறியை இடுகிறது. இது கோப்புக் குறி எனப்படும். முன்னர் சொன்ன துறைகளை ஒத்தவை இந்தக் குறிகள். நாடாவில் பெயர்ப்பட்டியல் இயல்பாகவே இருப்பதில்லை. ஆகவே மூன்றாவது கோப்பு வேண்டுமானால், இரண்டு குறிகளைத் தாண்டிச் செல்லுமாறு கட்டளையிட வேண்டும். வாசிக்கும்போது குறியொன்றைச் சந்தித்தால், வாசிக்க ஒன்றுமில்லை என்ற பொருளில் சுழியம் பைற் என்ற விடையை முறைமை தருகிறது. கோப்பு முடிந்தது எனச் செயலி அதிலிருந்து அறிந்துகொள்கிறது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் ‘டார்’ என்னும் செயலி 1979ஆம் ஆண்டின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. அதன் பெயரே நாடாக் காப்பகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். நாடாவைப் பார்த்தேயிராத இளைஞர்கள் இன்றும் நாள்தோறும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

இங்கே ஒரு பொறி உண்டு. லினக்ஸ் முறைமையில் ஒரே நாடா இயந்திரத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று எஸ்.ரி.0, மற்றையது என்.எஸ்.ரி.0. முதற்பெயரால் திறந்தால், மூடியவுடன் நாடா தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். இரண்டாவது பெயரால் திறந்தால், நாடா நின்ற இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமைப் பதிவுகளை முதற்பெயரால் எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமைப் பதிவுகளையும் அதே பெயரால் எழுதினால், திங்கட்கிழமைப் பதிவுகளின் மேலேயே அவை எழுதப்பட்டுவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. நாடாவின் நடுவில் புதிதாக எழுதினால் அதற்கு அப்பால் இருந்தவை யாவும் வழக்கமான முறையில் வாசிக்க இயலாதனவாகிவிடும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். ஓர் எழுத்தின் வேறுபாட்டால் ஒரு நாளின் பதிவேடு அழியக்கூடிய இடம் இது. பயிற்சி இல்லாத கையில் ஒப்படைக்கக் கூடாத பணி என்பதும் இதனாலேயே.

இன்னொரு நுட்பம் முக்கியமானது. செயலி எழுதச் சொன்னவுடன் ‘எழுதியாயிற்று’ என்று முறைமை விடை கூறலாம். ஆனால் தரவு அப்போது இயந்திரத்தின் இடைநினைவகத்தில் மட்டுமே இருக்கக்கூடும். நாடாவில் பதியும் வேளையில் கோளாறு ஏற்பட்டால், அந்தச் செய்தி பின்னர் எழுதும்போதோ, நாடாவை மூடும்போதோதான் வந்து சேரும். எனவே மூடும் கட்டளைக்கு வந்த விடையைச் சோதிக்காத செயலி, பதியாத தரவைப் பதிந்ததாக எண்ணிக்கொள்ளும். கோப்புக் குறி இடப்படும்போது இடைநினைவகத்தில் உள்ளவை நாடாவில் இறக்கப்படுகின்றன. ஆகவே குறி சரியாக இடப்பட்டது என்ற விடை வந்த பின்னரே எழுத்து வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். துறைமுகத்தில் கப்பலின் பொதிகள் இறங்குமேடைக்கு வந்ததைக் கொண்டு களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்ததாகப் பதிவு செய்ய முடியாது என்பதற்கு இது ஒப்பாகும்.

இயந்திரமும் தன் பங்குக்குக் காவல் காக்கிறது. எழுதும் முனைக்குப் பின்னால் வாசிக்கும் முனையொன்று தொடர்ந்து வருகிறது. எழுதியதை அது உடனே வாசித்துப் பார்க்கிறது. பிழை தென்பட்டால் அதே தரவு நாடாவில் சற்று அப்பால் மீண்டும் எழுதப்படுகிறது. நாடா முடிவை நெருங்கும்போது இயந்திரம் முன்னெச்சரிக்கை தருகிறது. முறைமை அதனை இடமில்லை என்ற செய்தியாகச் செயலிக்கு அறிவிக்கிறது. எஞ்சியுள்ள சிறு பகுதியில் முடிவுக் குறிப்புகளை எழுதி, அடுத்த நாடாவைக் கேட்கச் செயலிக்கு இவ்வாறு அவகாசம் கிடைக்கிறது.

நாடா ஓடிக்கொண்டே இருக்க விரும்பும் சாதனம். கணினி தரவைத் தாமதமாக அனுப்பினால், அது நின்று, பின்னோக்கிச் சென்று, மீண்டும் வேகமெடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இவ்வாறு முன்னும் பின்னுமாக ஓடுதல் நேரத்தை விழுங்குவதோடு நாடாவையும் தேய்க்கிறது. நவீன இயந்திரங்கள் தமது வேகத்தைக் கணினிக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளக் கூடியன. எனினும் அந்தத் தகவமைப்புக்கும் எல்லை உண்டு.

வாசிக்கும் முறை

எழுதியதை விட வாசிப்பதிலேயே உண்மையான சோதனை இருக்கிறது. தொகுதி எந்த அளவில் எழுதப்பட்டதோ, அதற்குக் குறையாத இடத்தை ஒதுக்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். சிறிய இடத்தை ஒதுக்கினால் முறைமை பிழை எனத் திருப்பி அனுப்பும். தரவு பழுதின்றி இருந்தும் ‘நாடா கெட்டுவிட்டது’ என ஒதுக்கப்படுவதற்கு இத்தகைய அளவு முரண்பாடே காரணமாக இருந்துவிடலாம். எந்தச் செயலியால், எந்த அளவில், எந்தத் திகதியில் எழுதப்பட்டது என்பதைப் பேழையின் மேல் எழுதி வைக்காத அலுவலகம், பூட்டை வைத்துக்கொண்டு திறப்பைத் தொலைத்த வீட்டுக்காரரின் நிலைக்கே ஆளாகும்.

2010இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய ஒரு முறை இந்தச் சிரமத்தைக் கணிசமாகக் குறைத்தது. நாடாவை இரண்டு பிரிவுகளாக வகுத்து, சிறிய பிரிவில் பெயர்ப்பட்டியலையும் பெரிய பிரிவில் தரவையும் வைக்கும் முறை அது. பட்டியலை முறைமை முதலில் வாசித்துக்கொள்வதால், நாடாவும் சாதாரணக் கோப்புறையைப் போலத் திரையிலே தோன்றும். எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்பதை நாடாவே கூறும். எனினும் உள்ளே அதே நீண்ட வீதிதான். ஒரு கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர் மறையுமேயன்றி, நாடாவில் அந்த இடம் மீண்டும் கிடைக்காது.

தமிழில் எழுதுவோர் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பணிசெயல் முறைமை அறிவது பைற்றுகளை மட்டுமே. அவை எந்த மொழி என்பது அதற்குத் தெரியாது. நமது அலுவலகங்களில் நெடுங்காலம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களே பயன்பட்டன. அவற்றில் தட்டச்சான ஆவணம் ஆங்கில எழுத்துக்களாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துருவின் வடிவமே அதனைத் தமிழாகக் காட்டுகிறது. நாடாவிலிருந்து அத்தகைய கோப்பைப் பழுதின்றி மீட்டாலும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தென்படும். பழைய தமிழ் ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னர் நாடாவில் ஏற்றுவதும், மூலக் கோப்பையும் எழுத்துருவையும் உடன் வைப்பதும் காப்புப் பணியின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

முறைமையின் எல்லை

இவ்வளவு சிக்கலும் மந்தமும் உள்ள சாதனத்தை ஏன் விட்டுவிடவில்லை? அதன் மந்தத்தோடு சேர்ந்து வரும் பாதுகாப்பே காரணம்.

பணிசெயல் முறைமைக்கு எழுத அதிகாரமுள்ள எந்த இடத்திலும், அந்த அதிகாரத்தைக் கைப்பற்றிய ஊடுருவுநருக்கும் எழுத முடியும். 2023இல் நேர்ந்தது இதுவே. காப்புப் பிரதி எத்தனை இருந்தாலும், அவையனைத்தும் ஒரே முறைமையின் ஆட்சிக்குள் இருக்குமானால், அதிகாரத்தின் கணக்கில் அவை ஒரே பிரதிதான். இயந்திரத்திலிருந்து கழற்றி அலுமாரியில் வைத்த நாடாவோ முறைமையின் உலகத்திலேயே இல்லை. அதனை அழிக்கும் கட்டளையை இட முடியும். நிறைவேற்ற முடியாது. இயந்திரத்துக்குள் இருக்கும்போதுகூட, பேழையின் ஓரத்திலுள்ள சிறு தடுப்பை நகர்த்திவிட்டால் எழுதும் கட்டளையை இயந்திரமே மறுத்துவிடும். ஒரு தடவை மட்டும் எழுதி, பின்னர் மாற்ற முடியாத பேழைகளும் உள்ளன.

தவறு கயவர்களால் மட்டும் வருவதன்று. 2011 பெப்ரவரி இறுதியில் கூகிள் நிறுவனத்தின் ஜிமெயில் சேவையில், சேமிப்பு மென்பொருளில் இருந்த ஒரு பிழை பயனாளர்களுள் 0.02 சதவீதமானோரின் அஞ்சல்களைக் காணாமற்போகச் செய்தது. அந்நிறுவனம் ஒவ்வோர் அஞ்சலுக்கும் பல தரவு நிலையங்களில் பிரதிகள் வைத்திருந்தது. ஆனால் பிழை அந்தப் பிரதிகளையும் எட்டியது. இறுதியில் அஞ்சல்களை மீட்டுக் கொடுத்தவை இணைப்பிலிருந்து விலகியிருந்த நாடாக்களே.

நாடாவை வாங்கிவிட்டால் போதும் என்றும் எவரும் எண்ணலாகாது. மனிதன் முதன்முதலாகச் சந்திரனில் கால்வைத்த 1969ஆம் ஆண்டுக் காட்சிகளைத் தாங்கிய மூலத் தரவு நாடாக்களை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா பின்னாளில் தேடியது. அவை அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்றே 2009இல் அது முடிவுக்கு வந்தது. பகையும் தீயும் இல்லாமலே, நாடாத் தட்டுப்பாடும் கவனக்குறைவும் சேர்ந்து விளைத்த இழப்பு அது. இயந்திரங்களின் தலைமுறை மாற்றமும் கவனத்துக்குரியது. ஒன்பதாம் தலைமுறை இயந்திரம் தனக்கு முந்திய ஒரு தலைமுறை நாடாவை மட்டுமே வாசிக்கும். 2025இல் வந்த பத்தாம் தலைமுறை இயந்திரம் முந்திய எந்த நாடாவையும் வாசிப்பதில்லை. தக்க சூழலில் ஒரு நாடா முப்பது ஆண்டுகள் வரை நிலைக்கலாம் என்கின்றனர் உற்பத்தியாளர். அதனை வாசிக்கும் இயந்திரம் அத்தனை காலம் இருக்குமா என்பதே கேள்வி. எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய நாடாவிலிருந்து புதியதற்குப் பெயர்த்தெழுதுவது தவிர்க்க முடியாதது. ஓலைச்சுவடிகளை நமது முன்னோர் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிக் காத்ததும் இதே தேவையினாலேயே. ஒரே இடத்தில் மட்டும் இருந்த சுவடிகளுக்கும் நூல்களுக்கும் நேரக்கூடிய கதியை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் கண்டோம்.

திருகோணமலைக்கு வேண்டியது

இவற்றைத் திருகோணமலை மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இத்துறையைச் சூழ்ந்து துறைமுக அதிகாரசபை, கடற்படை, எண்ணெய்த் தாங்கிகள், மா ஆலை, சீமெந்து ஆலை என முக்கிய நிலையங்கள் பல அமைந்துள்ளன. பெரு நிறுவனங்களுக்குத் தமது பதிவேடுகளைக் காக்கும் வசதி உண்டு. நாம் கவலை கொள்வது பிரதேச செயலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் உள்ள பதிவுகளைப் பற்றியே. 2004 சுனாமியில் கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளம் மூதூர், வெருகல் பகுதிகளைத் தாக்கியது. கடலும் மகாவலியும் சூழ்ந்த மாவட்டத்தில், மூலமும் பிரதியும் ஒரே கட்டடத்தில் இருப்பது பிரதி இல்லாமைக்கே சமம்.

ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் நாடா இயந்திரம் வேண்டும் என நாம் கூறவில்லை. பேழையின் விலை அதன் கொள்ளளவோடு ஒப்பிடுகையில் குறைவு. ஆனால் இயந்திரத்தின் விலை மிக அதிகம். சிறிய அலுவலகத்துக்கு, வாரந்தோறும் பிரதி எடுத்தவுடன் கழற்றிப் பூட்டி வைக்கும் இரண்டு வெளி வன்தட்டுகளே போதும். அவற்றை மாறிமாறிப் பயன்படுத்த வேண்டும். ஒன்றேனும் எந்நேரமும் கணினியை விட்டு விலகியிருக்க வேண்டும். நாடா மாவட்ட மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் அமைய வேண்டிய ஏற்பாடு. திருகோணமலையின் நாடாக்களுள் ஒரு தொகுதி கடலோரத்திலிருந்து விலகிய வேறொரு மாவட்டத்தில் இருக்கட்டும். உப்புக் காற்றும் ஈரப்பதனும் மிகுந்த இடத்தில் நாடா நெடுங்காலம் தங்காது என்பதால், குளிரூட்டிய, ஈரம் கட்டுப்படுத்திய அறை வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது.

பிரதி எடுப்பதோடு கடமை முடிவதில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும், வேறொரு கணினியில், நாடாவிலிருந்து ஒரு நாளின் பதிவேட்டை முழுமையாக மீட்டுக் காட்ட வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத பிரதியைப் பிரதி எனக் கொள்ள முடியாது. அந்தச் சோதனையின் பெறுபேற்றை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் சமர்ப்பிக்கச் செய்தால், கேட்பதற்கு மக்களுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

தமிழ், முஸ்லிம் மக்கள் எழுப்பக்கூடிய நியாயமான அச்சமொன்றும் உண்டு. பதிவேடு காக்கவும் செய்யும், காட்டிக்கொடுக்கவும் செய்யும். 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளைத் தேடிச் சென்றதை எவரும் மறந்துவிடவில்லை. இனமும் மதமும் முகவரியும் அடங்கிய நாடாவொன்று தவறானவர் கைக்குப் போனால் விளைவு என்னவாகும்? இதற்கும் வழி உண்டு. 2007இல் வந்த நான்காம் தலைமுறை முதலே எல்.ரி.ஓ. இயந்திரங்களால், எழுதும்போதே தரவை மறையாக்கம் செய்ய முடிகிறது. திறப்பு இல்லாதவருக்கு அந்த நாடா வெற்று நாடாவே. திறப்பு நாடாவோடு ஒரே பெட்டியில் இருக்கலாகாது. அது தொலைந்தாலோ நாடா இருந்தும் பயனில்லை. ஆகவே திறப்புக்கும் பொறுப்பான இருவர், இரண்டு இடங்கள், எழுத்துமூலமான ஒழுங்கு ஆகியன வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை வைத்திருப்போருக்குக் கடமைகளை விதித்துள்ளது. காப்பு நாடாக்களும் அந்தக் கடமைக்கு உட்பட்டவை என்பதை அதிகாரிகள் மறத்தலாகாது.

டிஜிற்றல் அடையாளத்தை நோக்கி நாடு நகரும் வேளையில், ஒரு குடிமகனின் பெயரும் பிறப்பும் காணியும் ஒரே கட்டமைப்பினுள் வந்து சேரப்போகின்றன. அந்தக் கட்டமைப்பைத் திறந்து வைக்கும் முன்னர், அது வீழ்ந்தால் எத்தனை மணித்தியாலத்தில், எந்தத் திகதி வரையான பதிவுகள், எந்த இடத்திலுள்ள பிரதியிலிருந்து மீட்கப்படும் என்பதை அரசாங்கம் மூன்று மொழிகளிலும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 2023இன் இழப்பில் சென்றவை அரசாங்கத்தின் கடிதங்கள். அடுத்த தடவை செல்வது சம்பூரில் மீளக்குடியேறிய குடும்பத்தின் காணிப் பதிவாகவோ, கிண்ணியாவில் பிறந்த குழந்தையின் பெயராகவோ இருந்துவிடக் கூடாது. 1907இல் சட்டம் நொத்தாரிசுக்கு விதித்த ஒழுங்கை இன்றைய கணினிக்கும் விதிக்குமாறு கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.